நாலு துளைக்கு நாலு ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் ஒரு சபதம் செய்தேன். அப்போது என் வாயில் பற்பசை நுரை இருந்தது. அதனால் சபதத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

"இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள அந்தத் தகட்ட என் கையாலயே செஞ்சு உன் மெஷின்ல மாட்டிக் காட்டறேன். இல்லன்னா பின்னறைய நீயே எடுத்துக்கோ."

கூடத்தில் என் மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நுரையத் துப்பிட்டு இன்னொரு தடவ சொல்லுங்க. சரியா காதுல விழல."

துப்பிவிட்டு வந்து இன்னொரு தடவை சொன்னேன். நுரையோடு சொன்ன சபதத்தை அப்புறம் மறுத்துவிடலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, நிதானமாக, இரண்டாம் முறை சொன்னதை மறுக்க வழியே இல்லை. இருபத்தாறு வருட இல்லறத்தில் இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"சரி" என்றாள். "மாட்டிட்டீங்கன்னா அந்த ரூமப் பத்தி நான் இனிமே வாயத் திறக்க மாட்டேன். மாட்டலன்னா நாலாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரூம் எனக்கு."

கெடுவுக்கு அவள் மணியும் சேர்த்துக்கொண்டாள். வேறு யாராவது என்றால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கருவிக் கிடங்கு குமாஸ்தா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று தொழிலாளிகள் கேட்பார்கள். இந்தப் பக்கம் நின்று நான் எடுத்துக் கொடுப்பேன். அரம், சுத்தியல், மூலைமட்டம், துளைபோடும் பிட். சாயங்காலம் திருப்பி வாங்கித் துடைத்துக் கொக்கியில் மாட்டுவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. எந்தக் கருவி எந்தக் கொக்கியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்பது ஜன்னலுக்கு அந்தப் பக்கத்து விஷயம்.

அந்த ஜன்னலைத் தாண்டவேண்டும் என்றுதான் மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டின் பின்னறையில் ஒரு பட்டறை போட்டேன். கனமான மேஜை. மேஜையில் ஒரு வைஸ், அதாவது வேலைப் பொருளைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வாய். சுவரில் பலகை, பலகையில் கொக்கி, கொக்கியில் கருவி. எது எங்கே என்று மாறிவிடக் கூடாதல்லவா, அதற்காக ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பு மையில் வரைந்து வைத்திருந்தேன். மூன்று வருடத்தில் அந்த உருவங்களை யாரும் பார்த்ததில்லை. கருவி இடத்தைவிட்டு நகர்ந்தால்தானே பின்னால் இருப்பது தெரியும்.

மனைவி தையல்காரி. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். கூடத்தில் ஒரு மெஷின், படுக்கையறையில் துணி மூட்டை, சாப்பாட்டு மேஜையில் வெட்டும் வேலை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நூல் வரும். "பின்னறையில வெளிச்சம் நல்லா இருக்கு" என்று மாதம் ஒருமுறை சொல்வாள். "இருக்கு" என்பேன். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இந்த முறை முடியவில்லை. அவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இனி மெஷினை மிதிக்கக் கூடாது, மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மோட்டாரும் வந்தது. ஆனால் மெஷின் பழையது. மோட்டாரோடு வந்த தாங்கி அதில் பொருந்தவில்லை. இடையில் ஒரு தகடு வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு, அதில் நாலு துளை. இரண்டு துளை மெஷினுக்கு, இரண்டு துளை மோட்டாருக்கு. அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஒரு லேத்துக்காரர் இருக்கிறார். வீட்டோடு சின்னதாகப் பட்டறை. "குடுங்க அண்ணி, பத்து நிமிஷ வேல" என்றார்.

அந்தப் பத்து நிமிஷம்தான் என்னைச் சபதம்வரை கொண்டுபோய் விட்டது. வீட்டில் ஒருவன் முழுப் பட்டறையோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் காது கேட்கப் பத்து நிமிஷம் என்றால் என்ன அர்த்தம்.

முதல் ஞாயிறு, சபதம் செய்த அன்றைக்கே, குளித்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். பட்டறையில் கிடந்த ஒரு தகட்டை வைஸில் பிடித்தேன். கறுத்த இரும்பு. துளை போடுமுன் எங்கே போடுவது என்று குறிக்கவேண்டும். இது குழந்தைக்கும் தெரியும். எதால் குறிப்பது என்பதுதான் பெரியவர்களின் பிரச்சினை. பென்சிலால் கோடு இழுத்தேன். இருட்டில் பூனை போனமாதிரி இருந்தது. பென்சிலைச் சீவி இன்னொரு கோடு இழுத்தேன். இன்னொரு பூனை.

வாசலில் மனைவி நின்றாள். கையில் துணிக்குக் குறிக்கும் சாக்.

"இந்தாங்க."

"இது துணிக்கு."

"இரும்புலயும் எழுதுது. எழுதிப் பாத்துட்டேன்."

"கோடு எவ்ளோ தடிமனா வருது பாரு. ரெண்டு மில்லிமீட்டர். இதுல எந்தப் பக்கம் ஓட்ட போடறது, இடதா வலதா?"

"நடுவுல."

"நடு எங்க இருக்கு?"

"ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல."

துல்லியம் பற்றி இவளிடம் பேசுவது வீண் என்று முகத்திலேயே காட்டினேன். அவள் கோபப்படவில்லை. இதையும் நான் கவனித்திருக்கவேண்டும்.

"அப்ப நல்ல வேலைக்காரங்க எதுல குறிப்பாங்க? லேத்துக்காரரக் கேட்டுப் பாருங்களேன்."

சுற்றுச்சுவர் ஓரம் நின்று கேட்டேன். லேத்துக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மார்க்கர் பேனா அண்ணே. அழியாத மை."

"கோடு மெல்லிசா வருமா?"

"வரும். ஆனா அதுல பல தினுசு இருக்கு. கூர் முனை, பட்ட முனை, வெள்ள மை, வெள்ளி மை. பாத்து எடுக்கணும்."

பார்த்து எடுக்கணும் என்று ஒருவர் என்னிடம் சொல்லக் கூடாது. நான் பார்ப்பேன். எடுக்க நாளாகும். அந்த வாரம் முழுவதும் ஆபீஸ் விட்டுவந்து பேனா பார்த்தேன். ஆறு பேனா வாங்கினேன். ஒரு பழைய டப்பா மூடியில் ஆறாலும் கோடு போட்டு, எது எத்தனை நொடியில் காய்கிறது, எது விரல் பட்டால் கலைகிறது என்று ஒரு தாளில் கட்டம் கட்டி எழுதினேன். நல்ல கட்டம். தலைப்பெல்லாம் போட்டிருந்தேன்.

இரண்டாவது ஞாயிறு கூர்முனை வெள்ளி மை என்று முடிவாகிவிட்டது. மூடியைக் கழற்றினேன். மனைவி டீ கொண்டுவந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். பெரிய கம்பெனியில எல்லாம் பேனாவால போட மாட்டாங்களாமே. ஏதோ நீல மை பூசி, காஞ்ச அப்பறம் அதுமேல ஊசியால கீறுவாங்களாம். தலமுடி கனத்துக்குத்தான் கோடு விழுமாம்."

"யார் சொன்னா?"

"லேத்துக்காரர்தான் பேச்சுவாக்குல சொன்னாரு. உங்க கிடங்குலகூட இருக்கணுமே அது."

இருந்தது. நாலாவது அலமாரி, இரண்டாவது தட்டு. சின்னப் புட்டி, மூடியிலேயே தூரிகை. இருபத்திரண்டு வருடமாக அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இயந்திரத்துக்கு நீலச்சாயம் அடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. பேனாவை மூடினேன்.

மூன்றாவது ஞாயிறு கடையில் வாங்கிய நீல மையைத் தகட்டில் பூசினேன். கறுப்பு இரும்பில் நீலம் தெரியவில்லை. இன்னொரு கை பூசினேன். இன்னும் கறுத்தது. புட்டியின் விளிம்பில் இருந்த சொச்சம் என் இரண்டு கையிலும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கையோடு சாப்பாட்டு மேஜையைத் தாண்டும்போது கால் இடறியது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மேஜைமேல் யாரோ ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பழுப்பு வெள்ளை மேல்சட்டை, வெட்டி, பாதி தைத்து, விரித்து வைத்திருந்தது.

முன்பக்கம் நாலு விரல். நல்ல பதிவு. போலீஸ்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

"கழுவினா போயிடும்" என்றேன்.

"அழியாத மைன்னுதான வாங்கினீங்க."

"அது போன வாரம். இது ஸ்பிரிட்ல போகும்."

"துணியும் சேந்து போகும்." கறையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மீதித் துணியை எடுத்துச் சாக்கால் ஒரே இழுப்பில் ஒரு கட்டம் போட்டாள். கத்தரிக்கோலை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டாள். அளக்கவில்லை, யோசிக்கவில்லை, உதட்டைக்கூடக் கடிக்கவில்லை. கறை மறையும்படி அகலமான ஒரு பாக்கெட். செவ்வாய்க்கிழமை அந்த டீச்சர் வந்து, பாக்கெட் அழகாக இருக்கிறது, இதேமாதிரி இன்னும் இரண்டு தைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீலம் தெரியவேண்டுமானால் இரும்பின் கறுப்புத் தோலை எடுக்கவேண்டும். அன்று சாயங்காலம்வரை அரம் போட்டேன். அடுத்த வாரம் முழுக்க மாலைதோறும் அரம் போட்டேன். சனிக்கிழமை தகட்டில் என் முகம் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். உண்மையாகவே வியந்தாள் என்று நினைத்தேன்.

"அடேயப்பா, கண்ணாடிமாதிரி இருக்கே. இவ்ளோ பளபளப்பா இருந்தா நீல மை எதுக்கு, மயில்துத்தம் போதும்னாரே லேத்துக்காரர்."

"மயில்துத்தமா?"

"தண்ணியில கரைச்சுத் தடவினா இரும்புமேல செம்பு படியுமாம். உரியாதாம், கையில ஒட்டாதாம். அதுமேல கீறினா கோடு வெள்ளி மாதிரி மின்னுமாம். ஆனா உங்களுக்கு நேரம் இருக்கா தெரியல. நாளைக்கு ஆறு மணி."

நேரம் இருக்கிறதா என்று கேட்டதுதான் என்னைக் கிளப்பியது. உரக்கடை அடைப்பதற்குள் ஓடி ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன்.

நாலாவது ஞாயிறு, தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நீலத் தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். நீலம் போனது, சிவப்பு வந்தது. தகடு முழுவதும் செம்பு. விடிகாலை வெயில் பட்ட மாதிரி. என் கையால் உலகத்தில் ஓர் அழகான பொருள் உண்டானது அதுதான் முதல் தடவை. ஸ்க்ரைபரை எடுத்தேன். கோடு கீறும் ஊசி. மேலே கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. ஒரு கீறல் விழுந்தால் அது கீறல்தான். திருப்பிப் பூசலாம், ஆனால் இதே செம்பு வராது.

நாலரைக்கு மனைவி அளவு டேப்போடு உள்ளே வந்தாள். சுவரின் நீளம், ஜன்னல் உயரம் என்று அளந்தாள்.

"என்ன அளக்கற?"

"கட்டிங் டேபிள் அடங்குமான்னு பாத்தேன்."

"இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு."

"இருக்கட்டும். அளந்தா ரூம் தேஞ்சா போயிடும்?"

எனக்கு ரோஷம் வந்தது. மூலைமட்டத்தை வைத்தேன். பல்லைக் கடித்தேன். ஊசியைச் செம்பில் வைத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கோடு எங்கே போடுவது?

இரண்டு துளைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியாது. எதால் குறிப்பது என்று நாலு ஞாயிறு யோசித்தவன், எங்கே குறிப்பது என்று மெஷினை ஒருமுறைகூட அளக்கவில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

மெஷினைச் சுற்றித் துணி மூட்டைகள் குவிந்திருந்தன. அவற்றை விலக்கிப் பின்பக்கம் குனிந்தேன். அங்கே மோட்டார் இருந்தது. மாட்டியிருந்தது. மெஷினுக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தகடு. நாலு போல்ட். போல்ட்டைச் சுற்றி இன்னும் அழியாமல் வட்டவட்டமாக வெள்ளைச் சாக்.

நிமிர்ந்தேன். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யார் செஞ்சது?"

"நான்தான். லேத்துக்காரர் ஒரு துண்டுத் தகடு குடுத்தாரு, ஓட்டயும் போட்டுக் குடுத்தாரு."

"அளவு?"

"அளவு எதுக்கு? சட்டைக்கு பிரஸ் பட்டன் எப்படி வெப்போம்? ஒரு பாதியில சாக்கத் தடவி, மறுபாதித் துணில வெச்சு அமுக்கினா இடம் தானா விழுந்துடும். அதே மாதிரிதான். மெஷின் ஓட்டயச் சுத்தி சாக்கக் கொழச்சுத் தடவினேன், தகட்ட வெச்சு அமுக்கினேன். அப்பறம் மோட்டாருக்கும். வட்டத்துக்கு நடுவுல துளை."

நடு எங்கே இருக்கிறது என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

"எப்ப செஞ்ச?"

"மொத ஞாயித்துக்கிழம. நீங்க உள்ள பென்சில் சீவிட்டிருந்தீங்க."

"அப்ப மூணு வாரமா இது ஓடுதா?"

"கேக்கலையா சத்தம்?"

கேட்டிருந்தது. லேத்துப் பட்டறைச் சத்தம் என்று நினைத்திருந்தேன். பொழுதன்னைக்கும் உழைக்கிறாரே மனுஷன் என்றுகூட நினைத்திருந்தேன். நேராகச் சுற்றுச்சுவருக்குப் போனேன்.

"ஏன்யா, இரும்புல குறிக்கறதப் பத்தி நீ என் வீட்ல என்னதான் பேசின?"

லேத்துக்காரர் நல்லவர். பொய் சொல்ல வராது.

"அண்ணி வந்து, இரும்புல குறிக்க எத்தன வழி இருக்குன்னு கேட்டாங்க அண்ணே. ஆறு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் வந்து, நாலே போதுமா இருந்துச்சு, ரெண்டு மிச்சம்னு சொல்லிட்டுப் போனாங்க."

திரும்பி வந்தேன். அவள் மெஷினில் உட்கார்ந்து டீச்சரின் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் மெதுவாக ஓடியது.

"ரூம் வேணும்னு நேராக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"மூணு வருஷமாக் கேட்டேன். வெளிச்சம் நல்லா இருக்குன்னு."

"அது ஒரு கேக்கறதா?"

"நீங்க குடுக்கறதா வேண்டாமான்னு யோசிப்பீங்க. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிடும்." நூலைப் பல்லால் கடித்தாள். "உங்க போர்மேன் உங்கள ஒரு தடவ கூப்பிட்டாரு, ஞாபகம் இருக்கா. ஃபிட்டர் டிரெய்னிங் போறியா, டெஸ்பாட்ச்ல கிளார்க்கா போறியான்னு. எட்டு மாசம் ரெண்டுல எது நல்லதுன்னு பாத்தீங்க. ரெண்டுக்கும் வேற ஆள் வந்துட்டான். இன்னிக்கும் ஜன்னல்லதான் நிக்கறீங்க. நான் அப்பவும் ஒண்ணும் சொல்லல."

"இப்ப சொல்றியே."

"இப்ப முழங்கால் வலிக்குது." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "கோடு போட்டா அப்பறம் வெட்டணும். அதனாலதான் உங்களுக்குக் கோடே வர மாட்டேங்குது."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டு மூன்று இருந்தன. எதைச் சொல்வது என்றுதான் முடிவு செய்ய முடியவில்லை. அதற்குள் மணி ஆறு அடித்துவிட்டது.

வைஸை லேத்துக்காரர் எடுத்துக்கொண்டார். இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும் அண்ணே, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். மேஜை கட்டிங் டேபிள் ஆயிற்று. சரியான உயரமாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனைவி பெருந்தன்மையாக நடந்துகொண்டாள் என்பதைச் சொல்லவேண்டும். சாமான்களை வெளியே எடுத்த அன்று, பெயின்ட் கடை நிற அட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"ரூமுக்கு எந்தக் கலர்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு என்ன தெரியும், எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. துல்லியமாப் பாக்கறவங்க நீங்கதான்."

அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் அவள் என்னை ஒரு விஷயத்தில் இப்படிக் கேட்டதில்லை. அட்டையில் நூற்றி நாற்பத்துநாலு நிறம். காலை வெளிச்சத்தில் பார்த்தேன், மாலை வெளிச்சத்தில் பார்த்தேன், ஆபீஸுக்கு எடுத்துப்போய் மதிய வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று வாரத்தில் நூற்றி நாற்பத்துநாலைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எதையும் குறைத்ததில்லை. நேற்றுக் காலை பன்னிரண்டையும் சுவரில் வைத்துப் பார்க்கலாம் என்று பின்னறைக்குப் போனேன்.

பெயின்ட் அடித்துக் காய்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.